பீஸ் கட்டியாச்சு, அப்புறம்?

ஜூலை மாதம் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் தன் ரவுண்டு வந்த பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். நைட் ஷிப்ட் முடித்துத் தறிக்குடோனிலிருந்து நேராக வந்த அப்பா பக்கத்தில் நிற்பார், தலையில் பஞ்சுத் தூசியோடு. எந்தக் காலேஜை முதலில் போடுவது, எந்த கோர்ஸை அடுத்துப் போடுவது என்று இருவருக்கும் தெரியாது. "நீங்களே பாத்துப் போட்டு உடுங்க தம்பி" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு அப்பா டீ குடிக்கப் போவார்.

ஆபரேட்டர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் போடும் வரிசைதான் அந்தப் பையனின் நான்கு வருடம். ஆன்லைன் கவுன்சலிங்கில் ஒருவர் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவருடைய ரேங்குக்குக் கிடைக்கக்கூடியவற்றில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுதான் ஒதுக்கப்படும். வரிசை தப்பினால் நல்ல கல்லூரிக்கான மார்க் இருந்தும் வேறெங்கோ போய்ச் சேர வேண்டியதுதான். இதற்கு அரசு உதவி மையங்கள் இருக்கின்றன, காசும் கிடையாது. அங்கே போகலாம் என்று சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

முதல் தலைமுறை மாணவர் என்றால் என்ன என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். வீட்டில் பணம் இல்லாதது ஒரு கஷ்டம். கல்லூரி என்ற இடம் எப்படி இயங்குகிறது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லாதது வேறொரு கஷ்டம். முதலாவதைத் தீர்க்கத் தமிழ்நாட்டில் எத்தனையோ திட்டங்கள் உண்டு. இரண்டாவதைப் பெரும்பாலும் மாணவரின் தலையிலேயே விட்டிருக்கிறோம். சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கிறார்களா என்பது பாதிக்கு மேல் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது, சோமனூர்த் தறிக்குடோனிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவன் என்ற முறையில் என் எண்ணம்.

பணத்துக்கு உதவுவது கொங்கு நாட்டில் நேற்று தொடங்கியதல்ல. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வர் 1926-இல் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. ஜி.டி.நாயுடுவின் முயற்சியில் 1945-இல் ஆரம்பித்த ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. இன்றைக்கும் ஒரு ஏழைப் பிள்ளைக்கு சீட் கிடைத்தது என்று தெரிந்தால் ஊரில் மில் ஓனரோ, போர்வெல் போடும் ரிக் வண்டி ஓனரோ, கோயில் கமிட்டியோ முதல் வருட பீஸைக் கட்டிவிடுவார்கள். நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. அவர்களுக்கும் உதவி என்றால் பீஸ் கட்டுவதுதான். இரண்டாவது செமஸ்டரில் அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பவர்கள் குறைவு.

அரசின் உதவியில் இப்பகுதியில் அதிகம் பேசப்படுவது முதல் பட்டதாரிச் சலுகை. 2010-11 கல்வியாண்டில் வந்தது. தொழிற்கல்வியில் ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேரும் மாணவரின் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு கட்டும். பொறியியலுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது பல வருடமாக இருக்கும் கணக்கு. சாதி பார்ப்பதில்லை, வருமானம் பார்ப்பதில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது.

இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., மண்டல துணை வட்டாட்சியர் என்று மேலே போகும். விண்ணப்பத்தில் அப்பா அம்மா மட்டுமல்ல, அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்முச்சி என்று இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகள், கூடப் பிறந்தவர்கள் எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். அதில் ஒருவர் பட்டதாரியாக இருந்தாலும் சான்றிதழ் இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை.

காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். கொங்குப் பகுதியில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். காங்கேயத்தில் தேங்காய்க் களமும் எண்ணெய் மில்லும் வைத்திருக்கிற குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள், அவர்கள் தொழிலுக்கு அது தேவைப்படவில்லை. திருப்பூரில் ஒரு தலைமுறை முழுக்க எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டு பனியன் கம்பெனி ஆரம்பித்து ஏற்றுமதி செய்தது. அந்த வீட்டுப் பையனுக்கும் சான்றிதழ் உண்டு. அதே தெருவில் அந்தக் கம்பெனியிலேயே செக்கிங் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அஞ்சல் வழியில் எப்படியோ பி.காம். முடித்துவிட்டாள். தம்பிக்கு சான்றிதழ் கிடையாது. அக்கா வாங்கிய பட்டம் அந்த வீட்டின் வருமானத்தையும் மாற்றவில்லை, தம்பிக்கு இன்ஜினியரிங் காலேஜ் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு அனுபவத்தையும் தரவில்லை. அவள் கல்லூரி வளாகத்தைப் பார்த்ததே பரிட்சை எழுதப் போன நாட்களில்தான்.

அமெரிக்காவில் முதல் தலைமுறை என்பதற்குச் சட்டம் வேறு வரையறை வைத்திருக்கிறது. 1960-களின் வறுமை ஒழிப்புத் திட்டங்களோடு ட்ரையோ என்ற பெயரில் சில திட்டங்கள் அங்கே தொடங்கின. முதல் தலைமுறை என்ற சொல் 1980-இல் அதற்கான சட்டத்துக்குள் வந்தது. பெற்றோர் இருவருக்கும் பட்டம் இல்லையென்றால் அந்த மாணவர் முதல் தலைமுறை. அண்ணன் படித்தானா, அக்கா படித்தாளா என்று கேட்பதில்லை. இன்னொன்றும் முக்கியம். அங்கே கல்லூரிக்குள் நடக்கும் ட்ரையோ திட்டத்தின் பணம் பீஸுக்காக ஒதுக்கப்பட்டதல்ல. பாடம் சொல்லிக்கொடுக்க, எந்தப் பாடத்தை எடுப்பது என்று வழிகாட்ட, உதவித்தொகைப் படிவத்தை நிரப்பக் கூட உட்கார என்று ஆட்களை வைக்கத்தான் அது போகிறது. பீஸுக்கு வேறு திட்டங்கள். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. படிப்புக் கடன் அங்கேயும் ஆளை அமுக்குகிறது. ஆனால் ஆள் வைப்பதையும் செலவாகக் கருதிப் பட்ஜெட்டில் எழுதியிருக்கிறார்கள். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சான்றிதழ் என்று வந்தால் மலைக்குப் போகாமல் முடியாது. கொல்லிமலையில் இருக்கும் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலையில் வாழும் தமிழ் மக்கள்) பட்டியல் பழங்குடியினர். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்தில் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருந்தால் பழங்குடி இல்லை. காரணம், பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. கொல்லிமலை பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. பர்கூரும் கடம்பூரும் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. மாவட்டங்கள் பிரிந்தன, பட்டியல் அப்படியே நின்றுவிட்டது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுகளில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பழங்குடியினருக்கான இடமும் உதவித்தொகையும் உண்டு, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தியூர் பக்கத்து மலைக்கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போவதைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகையை மேலே குறை சொன்னேன். ஆனால் இந்த மலைப் பிள்ளைகளுக்கு சாதி கேட்காத அந்த ஒரு சான்றிதழ்தான் கையில் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அண்மை வருடங்களில் வந்த திட்டங்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளியை அடையாளமாக வைத்தவை. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பின்னதில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இதுவரை வந்தவற்றில் முழுமையான உதவி இதுதான் என்பேன், ஏனென்றால் விடுதிச் செலவையும் சேர்த்துக்கொண்டது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் வைத்துத் தொடங்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் சிறியதாகத் தோன்றலாம். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருப்பது பத்தொன்பது வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கொங்கில் கூலி வேலை செய்கிறவர்கள்கூட, நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிக்கோ உள்ளூர் மெட்ரிக் பள்ளிக்கோ கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புவார்கள். பன்னிரண்டாவது முடித்து வந்தால் 7.5 இல்லை, மாத ஆயிரமும் இல்லை. பள்ளிக்கு வாங்கிய கடன் மட்டும் இருக்கும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இந்த விதி தெரியாமல், எட்டாவதுக்குப் பிறகும் பணம் கட்டி அதே பள்ளியில் தொடர்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடியும்போதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பணம் வரும் நேரம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை வாரக்கூலி. தறியிலும் அப்படித்தான். கல்லூரி கேட்பது வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக. உதவித்தொகை வருவது பல சமயம் பரிட்சை எல்லாம் முடிந்த பிறகு. நடுவில் இருக்கிற மாதங்களை வீடு தாங்க வேண்டும். எப்படித் தாங்குகிறது? ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், வட்டிக்கு வாங்குவார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் என்றால் ஓனரிடம் பாக்கி வாங்குவார்கள். பாக்கி என்பது அட்வான்ஸ். அதைத் தீர்க்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. பக்கத்துக் குடோனில் கூலி கூட்டிக் கொடுத்தாலும் போக முடியாது. மகளின் முதல் வருட பீஸுக்காக வாங்கிய பாக்கி அவள் படிப்பை முடித்த பிறகும் அப்பாவைக் கட்டி வைத்திருக்கும். உதவித்தொகை செப்டம்பரில் வந்திருந்தால் அந்தப் பாக்கியே தேவைப்பட்டிருக்காது. தொகையை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் தேதியை மட்டும் முன்னால் கொண்டுவந்தாலே பல குடும்பங்கள் மூச்சு விடும்.

நானும் இதை அனுபவித்தவன்தான். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று தெரிந்தும், வகுப்பு நடக்கும்போது அட்டெண்டர் வந்து பீஸ் பாக்கி உள்ளவர்களின் பெயரை வாசிப்பார். எழுந்து வெளியே போக வேண்டும். ஹால் டிக்கெட் பரிட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும். பெயரை வாசித்த நாட்களில் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இது நடக்கக் கூடாது என்று கேட்க அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அது என் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாவதுக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. நோக்கம் நல்லது. ஆனால் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, நூறு நாள் வேலைக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ யாரோ திறக்கச் சொன்ன கணக்கு இன்னொன்று. எதில் ஆதார் ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல், பணம் வரவில்லை என்று ஒரு வருடம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் பத்து நிமிட வேலை அது. வருமான உச்சவரம்பு இரண்டரை லட்சம் என்பதால் வருமானச் சான்றிதழும் வேண்டும். அது காலாவதியாவதற்கு முன் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

கல்விக் கடன் பற்றிச் சுருக்கமாக. 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் உண்டு. கிளைக்குப் போனால் "ஏதாச்சும் பத்திரம் இருக்கா" என்று கேட்கிறார்கள். எழுத்தில் விண்ணப்பித்து, மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ் வழியில் 85 சதவீதம் எடுத்த பெண் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைக்கிறாள். கணக்கு தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. மற்றபடி பாலம் போட்டுத் தரும் வகுப்புகள் முதல் சில வாரங்களோடு முடிந்துவிடும். ஒரு அரியர் விழுந்ததும் அவளுக்குத் தோன்றுவது என்ன? நமக்கு இது வராது என்று. படித்தவர்கள் இருக்கும் வீட்டில் "அரியர் எல்லாருக்கும் வரும், அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். இவள் வீட்டில் அரியர் என்றால் பெயில். பெயில் என்றால் படிப்பு முடிந்தது, ஸ்பின்னிங் மில்லுக்குப் போகலாம், இல்லை கல்யாணம். முதல் வருடத்தோடு நின்றவர்களிடம் பேசிப் பார்த்தால், பீஸ் என்று ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

சொற்களே ஒரு சுவர். போனபைட், இன்டர்னல், கன்டோனேஷன், ரீவேல்யூவேஷன், எலெக்டிவ், ஹெச்.ஓ.டி. யாரும் இவற்றை விளக்குவதில்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். "ஏனுங் சார், போனபைட்டுன்னா டி.சி.ங்களா?" என்று ஒரு தந்தை கல்லூரி வாசலில் என்னிடம் கேட்டார். மகன் வங்கிக்குக் கேட்ட சாதாரண சான்று அது. மகனை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று பயந்துபோய் நம்பியூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

மாணவருக்கு வழிகாட்ட ஆசிரியரை ஒதுக்கும் மென்டர் முறை கல்லூரிகளில் இல்லாமல் இல்லை. கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழு வரும்போது ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் காட்ட வேண்டும், அதனால் மென்டர் நோட்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல் உண்மையாகவே பிள்ளைகளோடு உட்கார்கிற ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். பலர் தாங்களே முதல் தலைமுறை. ஆனால் அவர்களுக்கு வகுப்புப் பளு குறைவதில்லை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் பாதி வேலை ஓடுகிறது. தன் வேலையே நிச்சயமில்லாதவரிடம் நாலு வருடத்துக்கு ஒரு பிள்ளையைக் கவனித்துக்கொள்ளச் சொல்வது எந்த விதத்தில் சரி?

பள்ளிக்கல்வி முடியும் இடத்தில் அரசு ஆள் வைத்துப் பார்த்திருக்கிறது, பலனும் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம் என்று சொல்கிறது. உயர்வுக்குப் படி முகாம்களில், எங்கேயும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடித்து, சான்றிதழ், வங்கிக் கடன், கல்லூரி இடம் எல்லாவற்றையும் ஒரே மண்டபத்தில் வைத்து முடித்துக் கொடுக்கிறார்கள். மேசை மேசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதே ஏற்பாடு கல்லூரிக்குள் முதல் வருடம் முழுக்க வேண்டும். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 2021-22-இல் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. வாசல் வரை கொண்டுவருவதில் முன்னால்தான் இருக்கிறோம்.

கல்லூரி என்ன செய்யலாம் என்றால், தரைத்தளத்தில் ஒரு மேசை, முழுநேரம் அதிலேயே இருக்கும் ஒருவர், பெற்றோர் தமிழில் பேசக்கூடிய ஒரு போன் நம்பர். ஸ்காலர்ஷிப் நிலுவையில் உள்ளவர்களிடம் பீஸ் கேட்கக் கூடாது என்ற ஒரு சுற்றறிக்கை. வாரக்கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதத் தவணை. முதல் அரியர் விழுந்த வாரத்திலேயே கூப்பிட்டுப் பேச ஒரு சீனியர், அவருக்குக் கொஞ்சம் சம்பளம். ஒரு செமினார் ஹாலுக்கு ஏ.சி. போடும் செலவில் இதை ஆரம்பித்துவிடலாம்.

ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில், மலையிலிருந்து வந்து மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பெண் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஊரிலிருந்து அடுத்து வரும் இரண்டு பேருக்காக எழுதி வைத்திருக்கிறார். போனபைட் என்றால் இங்கே படிக்கிறோம் என்ற கடிதம். இன்டர்னல் மார்க்கை நோட்டீஸ் போர்டில் போடுவார்கள், தப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்லணும். அரியர் வந்தால் படிப்பு போகாது. ஆதார் எந்த பேங்க்கில் இருக்கிறது என்று முதல் வாரமே பார். கடைசி வரி: பீஸ் கவுண்டர் அக்காவிடம் மதியம் ரெண்டு மணிக்கு மேலே போ, அப்போதுதான் பொறுமையாகச் சொல்வார்.